பரணில் கிடந்த வால்வு ரேடியோவின் கண்டன்சர்களை மீட்க முடியுமா?

முப்பது ஆண்டுகளாகப் பரணில் கிடந்த உங்கள் தாத்தாவின் வால்வு ரேடியோவுக்கு மின்சாரம் கொடுக்கலாமா, அதன் கண்டன்சர்களை (மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பாகங்களை) அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்குப் பிளக்கைச் செருகாதீர்கள். சிலவற்றை மீட்கலாம், சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

மீட்க வாய்ப்புள்ளவை, சேசிஸின் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தின்) மேல் குப்பி போல நிற்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள். அலுமினியத் தகட்டின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம்தான் அவற்றின் மின்காப்பு. ஆண்டுக்கணக்கில் மின்னழுத்தம் இல்லாமல் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துவிடும். அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் கொடுத்தால் மின்கசிவு பெருகி, உள்ளே சூடேறி, வாயு உண்டாகிக் குப்பி வெடிக்கவும் கூடும். ஆனால் மின்னோட்டத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்திச் செலுத்தினால், அதே படலம் மறுபடியும் வளர்ந்துவிடும்.

நான் கண்டன்சரின் நேர்முனையைக் கழற்றிவிட்டு, தனி டிசி சப்ளையிலிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் கொடுத்து, அதன் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் வரை படிப்படியாக ஏற்றுவேன். அந்த ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் கசிவு தெரியும். 100 வோல்ட் காட்டினால் 1 மில்லியாம்பியர் கசிகிறது என்று பொருள். நான் சரிசெய்த 32 மைக்ரோஃபாரட், 350 வோல்ட் கண்டன்சர் ஒன்று முதல் நாள் மாலை 140 வோல்ட் காட்டியது. மறுநாள் 60, மூன்றாம் நாள் 18. அது இன்றும் உழைக்கிறது. மூன்று நாளாகியும் குறையவில்லை என்றாலோ, அடியில் உள்ளிருக்கும் திரவம் கசிந்து பூத்திருந்தாலோ அதில் மேலும் நேரம் செலவிட வேண்டாம்.

வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் டிரான்ஸ்ஃபார்மர்) மூலம் ரேடியோவோடு சேர்த்தே மெதுவாக ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையரும் வால்வாக இருந்தால் அது சரிவராது. அதன் இழை போதிய அளவு சூடாகும் வரை கண்டன்சருக்கு மின்னழுத்தமே போய்ச் சேராது.

மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள் வேறு வகை. காகிதம் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிட்டால் அதை மீட்க வழியே இல்லை. அவற்றுள் முதலில் மாற்ற வேண்டியது, ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்கு) ஒலியைக் கடத்தும் கண்டன்சர். இஎல் 84 போன்ற வால்வின் கிரிட்டில், சேசிஸோடு ஒப்பிட்டால், ஏறத்தாழ 0 வோல்ட்தான் இருக்க வேண்டும். இந்தக் கண்டன்சர் கசிந்தால் அங்கே நேர் மின்னழுத்தம் ஏறி, வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். அதற்கு ஈடான டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பது இன்று மிகவும் அரிது. ஆகவே அதே மதிப்புள்ள 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டன்சரைப் போடுங்கள். பழைய தோற்றம் வேண்டுமென்றால், காகிதக் குழாயை இளஞ்சூட்டில் இளக்கி, உள்ளிருப்பதை உருவிவிட்டு, புதியதை அதற்குள் வைத்து மெழுகால் அடைக்கலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

எந்த வேலைக்கும் முன்பு பிளக்கை எடுத்துவிட்டு, பெரிய கண்டன்சர்களின் மின்னேற்றத்தை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டர் 0 காட்டிய பிறகே கை வையுங்கள்.