தொட்டதா, தொடலையா?

வணக்கம் சார்,

பெரம்பூரில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். இரவு எட்டரைக்கு மேல் கீழே பார்க்கிங்கில் நாலு பேர் கேரம் ஆடுவது வழக்கம். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். எங்களில் ஒருவர் கை பட்டு காயின் நகர்வதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் "படவே இல்லையே" என்பார். ஸ்ட்ரைக்கரை வைக்க வேண்டிய இரட்டைக் கோடான பேஸ்லைனைத் தொடாமலே அதை வைக்கிறார் என்றும் சந்தேகம். அவர் வழக்கமாக உட்காரும் பக்கத்தில் காயின்கள் தாமாகவே போய்ச் சேருகின்றன. இவர்தான் எங்கள் சங்கத்தின் பொருளாளர். விளையாட்டிலேயே பொய் சொல்பவரிடம் மாதாமாதம் பணத்தைக் கொடுக்கிறோமே என்று மனசு குடைகிறது. இப்போது டீ பந்தயத்தை ரூபாய் பந்தயமாக்கலாம் என்ற பேச்சும் வந்திருக்கிறது. ஆட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் மூன்று குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று அநேகமாக உங்கள் பார்க்கிங் தரையின் மேல் போகவேண்டியது. இன்னொன்று நீங்கள் உட்காரும் இடத்தின் மேல். மிச்சம் ஒன்றுதான் அந்த மனிதரைப் பற்றியது. ஆளைப் பற்றி முடிவு கட்டும் முன் போர்டைச் சோதியுங்கள்.

காயின்கள் அவர் பக்கமே போகின்றன என்கிறீர்கள். பார்க்கிங் தரையை மட்டமாகப் போடமாட்டார்கள். மழைத்தண்ணீரும் வண்டி கழுவும் தண்ணீரும் ஓடிவிட வேண்டும் என்பதற்காக வடிகாலை நோக்கிச் சரிவாகத்தான் போடுவார்கள். அந்தத் தரையில் ஸ்டாண்டை வைத்தால் போர்டும் சரியும். வேகமாக அடித்த காயினில் அது தெரியாது. மெதுவாக வழுக்கி நிற்கப்போகிற காயின்தான் கடைசி ஓர் அங்குலத்தில் பள்ளத்துப் பக்கம் சாயும். கொத்தனாரிடம் இருக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி, இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்துப் பாருங்கள். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் கூடப் போதும். ஆனால் போனைப் போர்டின் மேல் ஓரிடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் அரை வட்டம் திருப்பி வைத்து இன்னொரு தடவை பாருங்கள். இரண்டு தடவையும் போர்டின் ஒரே பக்கம் சாய்வதாகக் காட்டினால்தான் அது போர்டின் சரிவு. தாழ்ந்த காலுக்கு அட்டையை மடித்து அண்டக் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

அடுத்து, போர்டே வளைந்திருக்கிறதா என்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை பிளைவுட் குடித்துவிடும். சுவரில் சாய்த்து வைக்கும் வழக்கம் இருந்தால் நடுவில் தொய்வு விழும். நூலை மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். நடுவில் தெரிந்தால் பள்ளம். நூல் நடுவில் முட்டி ஓரங்களில் தூக்கி நின்றால் மேடு. லேசான வளைவானால், மட்டமான இடத்தில் முழுப் பரப்பும் தாங்கும்படி படுக்கவைத்து, மேலே சமமாகப் பாரம் ஏற்றிச் சில வாரம் விட்டுப் பார்க்கலாம். அதிக வளைவானால் பலகையை மாற்றுவதுதான் வழி. பலகை 8 மி.மீ. கனத்துக்குக் குறையக்கூடாது. மெல்லிய பலகைதான் முதல் மழையிலேயே வளையும். ஆடும் பரப்பு 73.5 முதல் 74 செ.மீ. சதுரம் என்பது போட்டி அளவு. கடையில் அதைவிடச் சின்னதையும் அதே பேரில் விற்பார்கள், அளந்து வாங்குங்கள்.

போர்டு ஓடுகிறதா என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை இந்தச் சட்டத்தின் ஓரத்திலிருந்து முழு பலத்தோடு நேராக அடித்தால் எதிர்ச் சட்டத்தில் முட்டித் திரும்பிக் குறைந்தது மூன்றரை தடவை போய்வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் பவுடர்தான் காரணம், அதுவும் அதிகமாகிப் போனதுதான். போரிக் பவுடர் ஒரு சிட்டிகை போதும். நடுவில் தூவி, உலர்ந்த பருத்தித் துணியால் பரப்பு முழுக்க இழுத்துவிடுங்கள். ஈரம் பட்டால் அது கட்டி கட்டியாகிக் காயினின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காயின் பாதி வழியில் திரும்பும்போது, சுண்டியவர் ஏதோ வித்தை செய்கிறார் என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றும். தண்ணீர் போட்டுத் துடைக்காதீர்கள், எண்ணெயும் வேண்டாம், முகத்துக்குப் போடும் பவுடரும் வேண்டாம். ஆடி முடித்ததும் பவுடரைத் துடைத்தெடுங்கள். போரிக் பவுடர் வயிற்றுக்குள் போகக்கூடாத பொருள், பஜ்ஜியைத் தொடும் முன் கையைக் கழுவ வேண்டும். (இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள்.)

காயின்களையும் பாருங்கள். ஒரு காயின் 5 முதல் 5.5 கிராம் இருக்க வேண்டும். நகை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசில் பத்தொன்பதையும் நிறுத்துவிடலாம். தொலைந்துபோனதற்குப் பதிலாக வேறு செட்டிலிருந்து நாலைந்து கறுப்பு வந்து சேர்ந்திருந்தால், கறுப்பு எடுப்பவருக்கு ஒரு ஆட்டம், வெள்ளை எடுப்பவருக்கு வேறு ஆட்டம்.

இனி பேஸ்லைன். இரண்டு கோடுகளுக்கும் நடுவில் 3.18 செ.மீ. ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ. வரை இருக்கலாம். இரண்டு கோட்டையும் தொட்டபடியே அதை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. நகர்த்த முடியும் என்று அர்த்தம். எதிரே உட்கார்ந்திருப்பவர் இதைச் சாய்வாகத்தான் பார்க்கிறார். அவருக்கு அருகே உள்ள கோட்டில் ஸ்ட்ரைக்கர் ஏறியிருப்பது தெரியும். அப்பாலுள்ள கோட்டை ஸ்ட்ரைக்கரும் சுண்டுபவரின் விரல்களும் மறைத்துவிடும். எனவே எதிரே இருப்பவர் சொல்லும் "தொடலை" பாதி யூகம்தான். பக்கவாட்டில் இருப்பவருக்கே இரண்டு கோடும் தெரியும். நாலு பேர் ஆடும்போது ஜோடிகள் எதிரெதிரே உட்காருவதால் பக்கத்தில் இருப்பவர் எப்போதும் எதிரணிதான். வைப்புச் சரியா என்று சொல்லும் உரிமையை அவருக்கு மட்டும் கொடுங்கள். மற்ற இருவரும் வாயைத் திறக்கக்கூடாது. கோட்டின் முனையில் உள்ள சிவப்பு வட்டத்தின் மேல் வைத்தால் சிவப்பு முழுக்க மறைய வேண்டும், இல்லையேல் அதைத் தொடவே கூடாது. வெளிச்சம் பக்கத்து ட்யூப்லைட்டிலிருந்து வந்தால் சட்டத்தின் நிழல் கோட்டின் மேல் விழும். ஒரு பல்பைப் போர்டின் நடுவுக்கு நேர் மேலே தொங்கவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு மிஞ்சுவது கை பட்ட கதை. இங்கேதான் நம்பிக்கை என்ற பேச்சுக்கே இடம்.

சுண்டும் நேரத்தில் ஆடுபவரின் கண் தூரத்துக் காயினிலும் பாக்கெட்டிலும் இருக்கும். மணிக்கட்டுக்குக் கீழே கிடக்கும் காயின் அவர் பார்வையிலேயே இல்லை. நகத்தில் உரசினால் உணர்ச்சி குறைவு. சட்டைக் கை பட்டால் சுத்தமாகத் தெரியாது. ஆகவே "படலை" என்று அவர் சொல்லும்போது, அவருக்குத் தெரிந்த வரையில் அது உண்மையாக இருக்கலாம். "கை பட்டுச்சா?" என்று கேட்காதீர்கள், அது அவர் மனசாட்சியைக் கேட்பது. "காயின் நகர்ந்துச்சா?" என்று கேளுங்கள். அதற்கு நாலு பேரும் பதில் சொல்லலாம். நகர்ந்திருந்தால் பழைய இடத்தில் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள், ஃபைன் வேண்டாம். போட்டி விதிப்படி அது ஃபைனுக்குரிய தப்புதான். ஆனால் நடுவர் இல்லாத இடத்தில் ஃபைன் போட்டால், தண்டனைக்குப் பயந்தே மனிதர்கள் மறுப்பார்கள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிடச் சொல்வதும் உதவும், நாலு பேருமே மடியுங்கள்.

கேரமில் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயமும், 2008-இல் வென்ற வியாசர்பாடி இளவழகியும் சென்னைக்காரர்கள்தான். அவர்கள் அளவில் ஆடுபவர்களின் போர்டுக்குப் பக்கத்திலும் ஒரு நடுவர் உட்காருகிறார். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு ஆட்டத்தில் "கொஞ்சம் பார்த்து வைங்க" என்றால் மட்டும் நமக்கு ரோஷம் வந்துவிடுகிறது.

அப்படியும் ஒருவர் வேண்டுமென்றே செய்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். கவனக்குறைவால் வரும் தப்பு இரண்டு பக்கமும் விழும். சில சமயம் அவருக்கு லாபம், சில சமயம் நஷ்டம். கை பட்டதில் தன் காயின் கெட்ட இடத்துக்குப் போனபோதும் அவர் பேசாமல் இருக்கிறாரா? ஸ்கோரைக் கூட்டும்போது தனக்கு ஒன்று குறைந்தாலும் அதே மாதிரி கவனிக்காமல் விடுகிறாரா? விட்டால் அவர் அசிரத்தையான ஆள், அவ்வளவுதான். எல்லாத் தப்பும் அவருக்கே லாபமாக விழுந்தால் உங்கள் சந்தேகத்தில் விஷயம் இருக்கிறது. அதை நாலு பேர் நடுவில் சொல்லாதீர்கள். மாடி ஏறும்போது தனியாக, "நேத்து அந்த ரெட் விஷயத்துல கொஞ்சம் இடிச்சுது சார்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

ரெட், அதாவது சிவப்புக் காயின், என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் சண்டைகளில் பாதி, நாலு பேரும் நாலு பேட்டையிலிருந்து கொண்டுவந்த விதிகளால் வருவதாக இருக்கலாம். ரெட்டைப் போடும் முன் தன் காயின் ஒன்றாவது விழுந்திருக்க வேண்டுமா, ஃபாலோ (ரெட்டைத் தொடர்ந்து போடவேண்டிய தன் காயின்) விழாவிட்டால் ரெட் எங்கே வரும், ஸ்ட்ரைக்கர் விழுந்தால் எத்தனை காயின் எடுத்து வைப்பது, கட்டைவிரலால் அடிக்கலாமா, கோட்டுக்குக் கீழே கிடப்பதை நேராக அடிக்கலாமா என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். போட்டி விதியில் முதல் கேள்விக்கு ஆம். ஃபாலோ விழாத ரெட் நடுவட்டத்துக்குத் திரும்பும். ஸ்ட்ரைக்கர் விழுந்தால் ஒரு காயின் ஃபைன். கட்டைவிரலுக்குத் தடை இல்லை. ஜெயித்தவருக்கு எதிரணியின் மிச்சக் காயின் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட், ரெட்டுக்கு மூன்று. 25 பாயிண்ட் அல்லது எட்டு போர்டில் (ஒரு சுற்று ஆட்டத்தையும் போர்டு என்பார்கள்) ஆட்டம் முடியும். இதை ஏற்பதும் மாற்றுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் ஒரு தாளில் எழுதி ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் இடம் மாறி உட்காருங்கள். சரிவு கொஞ்சம் மிச்சமிருந்தாலும் எல்லாருக்கும் பங்காகப் போகும்.

பொருளாளர் விஷயத்துக்கு வருகிறேன். கேரத்தில் அழுகுணி ஆட்டம் ஆடுபவர் பணத்திலும் அப்படித்தான் இருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆட்டத்தில் தோற்கச் சகிக்காத, ஆனால் அடுத்தவர் பத்து ரூபாயைத் தொடக் கூசுகிற ஆட்கள் நிறைய உண்டு. ஆட்டத்தில் தங்கமாக இருந்து கணக்கில் கோட்டைவிட்டவர்களும் உண்டு. சங்கக் கணக்கை எந்த ஒருவரின் குணத்தையும் நம்பி விடக்கூடாது, பொருளாளர் மகானாக இருந்தாலும் சரி. வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். கைச்செலவுக்கு ஒரு வரம்பு வையுங்கள், அதற்கு மேல் எல்லாம் வங்கி வழியாக. ரசீதுகளுக்கு வரிசை எண் போட்டு, மாதம் முடிந்ததும் வங்கி ஸ்டேட்மெண்ட்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடச் சொல்லுங்கள்.

தண்ணீர் லாரிதான் சென்னைக் குடியிருப்புகளில் சந்தேகம் பிறக்கும் இடம். வந்ததா, முழுசாக இறக்கினார்களா என்று யாருக்கும் தெரியாது. சம்ப்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) உள்ளளவை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். நீளம் 3 மீட்டர், அகலம் 2.5 மீட்டர் என்றால் பரப்பு 7.5 சதுர மீட்டர். 9,000 லிட்டர் இறங்கினால் மட்டம் 1.2 மீட்டர் உயர வேண்டும். 90 செ.மீ.தான் உயர்ந்தது என்றால் வந்தது 6,750 லிட்டர். அளக்கும்போது மோட்டார் ஓடக்கூடாது, குழாய்த் தண்ணீரும் உள்ளே வரக்கூடாது. கோடு போட்ட ஒரு குச்சியும், முன் அளவு, பின் அளவு எழுத ஒரு நோட்டும் வாட்ச்மேனிடம் இருக்கட்டும். இந்த ஏற்பாட்டைப் பொருளாளரையே முன்மொழியச் சொல்லுங்கள். யோக்கியமானவருக்கு இது பாதுகாப்பு என்று அவருக்கே புரியும். தட்டிக்கழித்தால் அப்போது யோசிக்கலாம்.

ரூபாய் பந்தயத்துக்குச் சம்மதிக்காதீர்கள். டீயும் ஆளுக்கு இரண்டு பஜ்ஜியும் போதும். தோற்ற ஜோடி, வேடிக்கை பார்ப்பவருக்கும் சேர்த்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், பாக்கி வைக்கக்கூடாது. ஸ்கோரை அந்தந்த போர்டில் தோற்ற அணி எழுதட்டும்.