எட்டு வயதுக் குழந்தைக்கு மின்சுற்றை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? கிட் வாங்கலாமா?

உங்கள் மகளுக்கு எட்டு வயது, கரண்ட் எப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஒரு பேட்டரி செல், பழைய டார்ச் லைட்டில் இருக்குமே அந்தச் சின்ன குண்டு பல்ப் ஒன்று, ஒரே ஒரு துண்டு ஒயர், இவை போதும். ஒயரின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டு அவள் கையில் கொடுங்கள். "இதை எரிய வை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் உட்காருங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

என் அக்கா மகளுக்கு இப்படித்தான் கொடுத்தேன், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒயரின் ஒரு முனையைச் செல்லின் பிளஸ் பக்கம் வைத்தாள், மறுமுனையைப் பல்பின் அடியில் வைத்தாள். எரியவில்லை. செல்லைத் திருப்பிப் பிடித்தாள், ஒயரை இறுக்கி அழுத்தினாள், "செல் தீந்துபோச்சு சித்தி" என்றாள். புது செல்தான் என்று மட்டும் சொன்னேன். கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பல்பை நேராகச் செல்லின் தலையில் நிறுத்தி, செல்லின் அடியிலிருந்து ஒயரை மேலே வளைத்துக் கொண்டுவந்தபோது அது பல்பின் பக்கவாட்டுத் தகரத்தில் பட்டது. மங்கலாக, ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. கை ஆடியதும் அணைந்துவிட்டது. எங்கே பட்டது, எங்கே பட்டது என்று அவளே தடவித் தடவித் தேடி மறுபடியும் எரிய வைத்தாள். (2.5 வோல்ட் பல்ப், 1.5 வோல்ட் செல் என்பதால் மங்கலாகத்தான் எரியும், அதில் தவறில்லை.)

அதற்கு அப்புறம்தான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். கண்ணாடிக்குள் இரண்டு கம்பிகள் நிற்கும், அவற்றுக்கு நடுவில் மயிரிழை போல டங்ஸ்டன் இழை. ஒரு கம்பி கீழே இறங்கி அடியில் இருக்கும் ஈயப் பொட்டுக்குப் போகிறது, இன்னொன்று பக்கவாட்டுத் தகரத்தோடு ஒட்டியிருக்கிறது. பல்புக்கு இரண்டு வாசல் இருக்கிறது என்பது இங்கேதான் புரியும். பெரியவர்களுக்கே பலருக்கு இது தெரியாது. 1997இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆவணப்படத்தில், எம்ஐடி என்ற அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் அங்கியோடு நின்றவர்களிடம் இதே மூன்று பொருளைக் கொடுத்துப் பல்பை எரிய வைக்கச் சொன்னார்கள், திணறியவர்கள் உண்டு. சூத்திரம் தெரிந்திருந்தாலும், சுற்று முடிந்தால்தான் எரியும் என்பது கையில் ஏறாமலே போய்விடலாம். தமிழில் நமக்கு அந்த வசதி பெயரிலேயே இருக்கிறது, மின்சுற்று. செல்லில் கிளம்பிச் செல்லுக்கே திரும்ப வேண்டும். ஆனால் இந்த வார்த்தையை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள், எரிய வைத்த பிறகு சொல்லுங்கள்.

அடுத்ததாக, குழந்தைகள் பலருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை உடைக்க வேண்டும். பல்ப் கரண்டைத் தின்றுவிடுகிறது, மிச்சம்தான் திரும்பிப் போகிறது என்று நினைப்பார்கள். ஒரே மாதிரி இரண்டு பல்ப், இரண்டு செல், எல்லாவற்றையும் ஒரே வரிசையில் இணைத்து, எரிய விடுவதற்கு முன்னாலேயே எந்த பல்ப் பிரகாசமாக எரியும் என்று கேளுங்கள். முதலில் இருப்பது என்பாள். இரண்டும் ஒரே அளவில்தான் எரியும். சந்தேகம் இருந்தால் பல்புகளை இடம் மாற்றிப் பார்க்கட்டும். மின்னோட்டம் சுற்று முழுவதும் ஒரே அளவு, பல்பில் செலவாவது ஆற்றல்தான். இதில் அவசரப்படாதீர்கள், ஒரு நாள் முழுக்கப் போனாலும் சரி.

பிறகு ஒரு பல்பைக் கழற்றச் சொல்லுங்கள், மற்றதும் அணைந்துவிடும். கோயில் திருவிழாவில் போடும் பழைய சீரியல் செட்டை இங்கே ஞாபகப்படுத்தலாம். வரிசையாக, அதாவது தொடர் இணைப்பில் கோர்ப்பதால்தான் அதற்கு சீரியல் என்றே பெயர். ஒரு பல்ப் போனால் அந்த வரிசையே போய்விடும். வீட்டில் ஹால் லைட்டை அணைத்தால் ஃபேன் ஏன் நிற்கவில்லை என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு பல்புக்கும் செல்லிலிருந்து தனித்தனி வழி கொடுக்கும் பக்க இணைப்பை அவளே செய்து பார்க்கும்படி விடுங்கள்.

கடத்தும் பொருள், கடத்தாத பொருள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சுற்றில் ஓர் இடைவெளி விட்டுக் கொடுத்தால் எவர்சில்வர் கரண்டி, சீப்பு, ரப்பர் என்று வீட்டையே சோதித்துவிடுவார்கள். இரண்டு விஷயத்தை மட்டும் தவறவிடாதீர்கள். பெயின்ட் அடித்த தகரப் பொம்மையில் பல்ப் எரியாது, பெயின்ட்டைச் சுரண்டினால் எரியும். பென்சிலுக்குள் இருக்கும் கருப்புக் குச்சியில் ஒயர்கள் தொடும் இடங்கள் நெருக்கமாக இருந்தால் மங்கலாக எரியும், தூரம் கூடக்கூட மங்கிக்கொண்டே போகும். மின்தடைக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நீங்கள் முதலிலேயே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் 230 வோல்ட், கையில் இருக்கும் செல்லை 150க்கு மேல் வரிசையாக அடுக்கினால்தான் அவ்வளவு வரும், அதனால் ஒயரை அங்கே கொண்டுபோகவே கூடாது. பல்ப் இல்லாமல் செல்லின் இரண்டு பக்கத்தையும் ஒயரால் நேராகச் சேர்த்தால் ஒயர் சூடாகும், ஷார்ட் சர்க்யூட் என்பது அதுதான். மொபைல் பேட்டரி, பவர் பேங்க் எதையும் தரக்கூடாது. பட்டன் செல்லும் வேண்டாம். சின்னத் தம்பி தங்கை இருக்கும் வீடு என்றால் கண்டிப்பாக வேண்டாம், விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

குண்டு பல்ப் கிடைக்கவில்லையே என்று எல்இடியில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு செல்லில் எரியாது, அதன் இரண்டு கம்பிக் கால்களையும் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்தாலும் எரியாது, குழந்தை எந்தத் தப்பு என்று தெரியாமல் சோர்ந்துவிடும். சின்ன எலக்ட்ரிக்கல் கடைகளில் இன்னும் டார்ச் பல்ப் வைத்திருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். இவ்வளவும் அவள் கையில் பழகிய பிறகு இரண்டு செல், ஒரு சிவப்பு எல்இடி, கரண்டை மட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள், எல்இடியின் நீளமான கால் பிளஸ் பக்கம். கிட்டை அதற்கு அப்புறம் யோசிக்கலாம்.