லைசென்ஸ் முடிந்தது 1930-லா?

கேள்வி: லாரி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் தேதி 05-04-26 என்று, வருடம் இரண்டு இலக்கமாகத்தான் வருகிறது. 2026 என்று முழுசாக வரவைக்க முடியுமா? முதலாளி, “இதுவே போதும்மா” என்கிறார்.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: போதாதும்மா, இன்றைக்கே மாற்றிவிடுங்கள். விண்டோஸ் என்றால் கண்ட்ரோல் பேனலில் ‘ரீஜன்’ திறந்து, ‘ஷார்ட் டேட்’ பட்டியலில் நான்கு ‘ஒய்’ உள்ளதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள். போன வருடம் கல்மண்டபம் பக்கம் ஒரு லாரி ஆபீசுக்கு டிரைவர்களின் லைசென்ஸ் லிஸ்ட்டை எக்செல்லில் போட்டுக் கொடுத்தேன். ஒருவருடைய லைசென்ஸ் 2030 பிப்ரவரி வரை இருந்தது. நான் வெறும் 30 என்று அடித்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு இலக்க வருடத்துக்கு எல்லை 1930 முதல் 2029 வரை. 29 அடித்தால் 2029, 30 அடித்தால் 1930! கட்டத்தில் 30 என்று மட்டுமே தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. காலாவதி ஆனவர்கள் வரிசையில் அவர் பெயர் சிவப்பாக வந்தது. துறைமுகத்துக்கு இரண்டு டிரிப் அவருக்குக் கொடுக்கவில்லை. மனுஷன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அந்த இரண்டு நாள் பேட்டா போனது என்னால்தான். இன்னும் மனசு கேட்கவில்லை.

புதிய விண்டோஸில் அந்த எல்லை 1950 முதல் 2049 வரை இருக்கலாம். அப்போது 1948-ல் பிறந்தவருக்கு 48 என்று அடித்தால் 2048 ஆகிவிடும். எல்லை எதுவென்று அதே ‘ரீஜன்’ பகுதியில், ‘அடிஷனல் செட்டிங்ஸ்’ உள்ளே ‘டேட்’ பக்கத்தில் பார்க்கலாம். எதுவாக இருந்தாலும் வருடத்தை நான்கு இலக்கமாகவே அடியுங்கள்.

இன்னொன்று: செட்டிங் மாற்றினால் மாறுவது காட்டும் விதம்தான். ஏற்கெனவே 1930 என்று பதிவானது அப்படியேதான் இருக்கும். எக்செல்லில் நட்சத்திரக் குறி போட்ட தேதி வடிவங்கள் மட்டும் புது செட்டிங்குக்குத் தானாக மாறும். மற்ற கட்டங்களை நீங்கள்தான் மாற்ற வேண்டும். அப்புறம் லைசென்ஸ், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் முடியும் தேதிகளை வரிசைப்படுத்துங்கள். தப்பான 1930-கள் எல்லாம் மேலே வந்து நிற்கும். கார்டைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்.