கேம் கன்ட்ரோலர் மொத்தக் கொள்முதல்: விலைக்கு முன் ரிட்டர்ன் பேசுங்கள்

கேள்வி: பெருந்துறையில் செல்போன் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கல்லூரி விடுதி மாணவர்கள் கேம் கன்ட்ரோலர் கேட்டு வருகிறார்கள். மொத்த விலைக்கு எங்கே, எப்படி வாங்குவது? எவ்வளவு முதல் போடலாம்?

பதில்: ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் எதில் விளையாடப் போகிறார் என்று விசாரித்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். லேப்டாப்பா, பிளேஸ்டேஷனா, செல்போனா? கொள்முதலைத் தீர்மானிப்பது அந்த நோட்டுதான். லேப்டாப் ஆட்களுக்கு ஒயர் வைத்த சாதாரண யுஎஸ்பி கன்ட்ரோலரே போதும். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேமுக்கு அதற்கென்றே சோனி தயாரிக்கும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் வேண்டும். பிஎஸ்4-க்கான பழைய டூயல்ஷாக் 4 கன்ட்ரோலர், பிஎஸ்5-இல் பிஎஸ்4 கேம்களுக்குத்தான் உதவும். செல்போனில் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு) விளையாடக் கேட்பவருக்கு விற்கவே வேண்டாம். அந்த விளையாட்டு, கன்ட்ரோலரை ஏற்பதில்லை. மறுநாளே பெட்டியோடு வந்து நிற்பார்.

அப்படித் திரும்பி வரும் பெட்டிதான் இந்த வியாபாரத்தில் லாபத்தைத் தின்கிறது. ரூ.1,000 அடக்கத்தில் பத்து பீஸ் வாங்கி, ஒன்றுக்கு ரூ.150 லாபம் வைத்தால் பத்துக்கும் சேர்த்து ரூ.1,500. அதில் ஒரே ஒரு பீஸ் உங்கள் தலையில் விழுந்தால் மிஞ்சுவது ரூ.350. ஆகவே டீலரிடம் விலை பேசும் முன் ரிட்டர்ன் பேசுங்கள். பெட்டி பிரித்ததும் பழுது என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்? வாரண்டிக்கு வாடிக்கையாளர் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டுமா, கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமா? திருப்பி அனுப்பும் பார்சல் கூலி யாருடையது? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவர் ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

இனி எங்கே வாங்குவது என்பது. ஜெப்ரானிக்ஸ், காஸ்மிக் பைட், ரெட்கியர் போன்ற இந்திய பிராண்டுகளை நேரடியாகத் தொடர்புகொண்டு, ஈரோடு, கோவைப் பகுதிக்கு விநியோகஸ்தர் யார் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி எண், கடை போட்டோ, ரத்து செய்த காசோலை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். முதல் சில பில்களுக்கு ரொக்கம்தான் கேட்பார்கள்; கடன் பிறகு தானாக வரும். எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளான சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கும் ஒரு நடை போய் வருவது விலை நிலவரம் அறிய நல்லது. ஆனால் பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். சீனாவிலிருந்து நேரடி இறக்குமதி உங்கள் அளவுக்கு ஒத்துவராது: இறக்குமதியாளர் குறியீட்டு எண் வேண்டும், ப்ளூடூத் உள்ள கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் அனுமதியும் வேண்டும்.

'ஃபர்ஸ்ட் காப்பி' என்று பிராண்டு பெயர் பொறித்த போலிகளை மலிவாக நீட்டுவார்கள். மாணவர் மாதக்கணக்கில் சேர்த்த காசுக்குப் போலியைக் கொடுப்பது அநியாயம், சட்டப்படி குற்றமும்கூட. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டத்தில் இதற்குச் சிறைத் தண்டனை உண்டு, தயாரித்தவருக்கு மட்டுமல்ல, விற்றவருக்கும். பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதமும் ஆண்டும், புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத பெட்டியை அலமாரியில் வைத்தாலே எடையளவுத் துறைச் சோதனையில் மாட்டுவீர்கள்.

சரக்கு வந்ததும் ஒவ்வொன்றையும் விண்டோஸ் லேப்டாப்பில் சொருகி, ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையையும் R-ஐயும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்) joy.cpl-க்குரிய ஆங்கில எழுத்துகளை, அதாவது ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று தட்டுங்கள். பட்டியலில் கன்ட்ரோலரைத் தேர்ந்து பண்புகளைத் திறந்தால் ஒரு சதுரமும் அதனுள் சிறு கூட்டல் குறியும் தெரியும். கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக்கைச் சுழற்றி விட்டதும் குறி நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஓரமாக நின்றாலோ தானாக ஊர்ந்தாலோ அந்த பீஸ் டீலருக்கே போகட்டும். விளையாட்டில் ஆள் தானாக நடக்கும் 'டிரிஃப்ட்' கோளாறு இதுதான். சாதாரண ஸ்டிக்கில் உள்ளே உரசும் பாகம் தேய்வதால் நாளடைவில் வரும். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் அந்த உரசல் கிடையாது. விலை சற்றுக் கூடினாலும் அதையே முன்னால் வையுங்கள். விற்கும்போதும் இந்தச் சோதனையை வாடிக்கையாளர் கண்முன் செய்து காட்டுங்கள். ஆன்லைனில் கிடைக்காத சேவை இது.

சிறு வணிகர்களுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கொள்முதலில் கட்டும் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்காது; அதையும் அடக்கத்தில் சேர்த்துத்தான் விலை வையுங்கள். வழக்கமான பதிவு என்றால் சப்ளையர் தன் ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்து, உங்கள் கொள்முதல் பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி அறிக்கையான 2பி-யில் பில் வந்ததா என்று மாதாமாதம் பாருங்கள்.

முதல் ஆர்டர் பன்னிரண்டு பீஸுக்கு மேல் வேண்டாம்: எட்டு ஒயர் வைத்தவை, மூன்று வயர்லெஸ், ஒரே ஒரு டூயல்சென்ஸ். திருப்பூர் பனியன் கம்பெனி போனஸை நம்பித் தீபாவளிக்கு மொத்தமாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். அதற்குச் சில வாரங்கள் முன்பே ஆன்லைன் தள்ளுபடி தொடங்கி, உங்கள் அடக்க விலைக்கும் கீழே போகக்கூடும். அந்தச் சமயத்தில் விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கழித்துத் தருவாரா என்பதையும் டீலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.