பால்வீதியில் இன்னும் எத்தனை பேர்? கேள்வி பதில்

பாளையங்கோட்டை: அண்ணாச்சி, வேற்றுலகில் அறிவுள்ள உயிர் எத்தனைன்னு கணக்கே போட்டிருக்காங்கன்னு சொல்லுதாங்க. எப்படி?

பால்வீதியில் இப்போது சமிக்ஞை அனுப்பும் நாகரிகங்கள் எத்தனை என்று கணிக்கும் சமன்பாடு அது; 1961இல் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் வானியலாளர் ஃபிராங்க் டிரேக் எழுதியது. ஏழு எண்களின் பெருக்கல்: ஆண்டுக்குப் பிறக்கும் விண்மீன்கள், கோள் உள்ள பங்கு, ஒவ்வொன்றிலும் உயிர் தங்கத் தோதான கோள்கள், உயிர் தோன்றிய பங்கு, அறிவு வளர்ந்த பங்கு, ரேடியோ கற்ற பங்கு, கடைசியாக அந்த நாகரிகம் சமிக்ஞை அனுப்பும் ஆண்டுகள்.

போட்டுப் பாருங்கள். 2 × 1 × 0.2 = 0.4, ஐந்து ஆண்டுக்கு இரண்டு தோதான கோள். வேற்று விண்மீன்களின் கோள்களைத் தேடிய கெப்ளர் தொலைநோக்கியின் புண்ணியத்தில் இதுவரை ஓரளவு நம்பலாம். இனி எல்லாம் ஊகம். உயிர் 1, அறிவு 0.01, ரேடியோ 0.1 என்று வைத்தால் 0.0004. ஆயுள் 1,000 ஆண்டு என்றால் விடை 0.4, யாருமே இல்லாதிருக்க வாய்ப்பு அதிகம். 10 லட்சம் ஆண்டு என்றால் 400. மாற்றியது ஒரே எண்.

அம்பாசமுத்திரம்: பூமியில சீக்கிரமே உயிர் வந்துட்டுல்லா? அப்ப எல்லா இடத்திலயும் வரும்தானே?

பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. குறைந்தது 350 கோடி ஆண்டாக உயிர் இருக்கிறது. சான்றுதான், ஆனால் பலம் குறைவு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, கண்ணை மூடி எடுத்த பருக்கைக்குத்தான் பொருந்தும். நாம் எடுத்ததோ வெந்த பருக்கை. இங்கே அறிவு வளரவே அத்தனை கோடி ஆண்டு பிடித்தது. தாமதமாக உயிர் வந்த கோளில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது.

தென்காசி: கணக்குல ஆட்கள் எங்க அண்ணாச்சி தப்பு விடுதாங்க?

உயிர் தோன்றும் பங்குக்கு ஒற்றை எண் வைப்பதில். எக்செல்லில் 1,000 வரிசை போடுங்கள். ஒவ்வொன்றிலும் 0க்கும் 6க்கும் இடையே ஏதாவது ஒரு தசம எண்ணைக் கணினியையே எடுக்கச் சொல்லி, 1ஐ 10இன் அத்தனையாவது அடுக்கால் வகுங்கள். அதை மேலே வந்த 400ஆல் பெருக்குங்கள். சராசரி 29 பக்கம் வரும். ஆனால் நூற்றுக்கு 57 வரிசையில் விடை 1க்குக் கீழே! சராசரியை மட்டும் பார்த்தவர் வானம் நிறைய ஆள் என்பார். வரிசைகளை எண்ணியவருக்கு நாம் தனியாக இருக்கும் சாத்தியம் கண்ணில் படும். 2018இல் சாண்ட்பெர்க், டிரெக்ஸ்லர், ஆர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டியது இதைத்தான். 0க்கும் 1க்கும் இடையே நேரடியாக எண் எடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒன்பது வரிசை 0.1க்கு மேலேயே நின்று, அரிது என்ற சாத்தியமே அடிபட்டுப் போகும்.

ஸ்ரீவைகுண்டம்: 400 பேர் இருந்தா ஏன் ஒருத்தரும் பேசல?

பால்வீதித் தட்டின் விட்டம் சுமார் 1,00,000 ஒளியாண்டு (ஒளியும் ரேடியோ சமிக்ஞையும் ஓராண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு), பரப்பு 785 கோடி சதுர ஒளியாண்டு. 400ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் பக்கத்து வீடு ஏறக்குறைய 4,400 ஒளியாண்டு தள்ளி. உங்கள் பக்கத்துச் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் சுமார் 3,200 ஆண்டுப் பழசு. அதை இட்ட நாளில் அங்கிருந்து கிளம்பிய சமிக்ஞை இன்னும் முக்கால் வழிதான் வந்திருக்கும்.

வள்ளியூர்: நம்ம ஊர்ல இருந்து பக்கத்து விண்மீன் தெரியுமா?

நன்றாகத் தெரியும். மே கடைசியில் இரவு 10.30 வாக்கில் நேர் தெற்கே பாருங்கள். கையை நீட்டி அடிவானத்தின்மேல் இரண்டு முஷ்டி வைத்தால், அந்த உயரத்தில் பளிச்சென்று ஆல்ஃபா சென்டாரி, 4.4 ஒளியாண்டு. அதன் துணையான பிராக்சிமாவில் 2016இல் ஒரு கோளைக் கண்டுபிடித்தார்கள். பிராக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாது.