ஜெயிலுக்குள் ஓபியாய்டு சிகிச்சை: ஒரு சிறை நர்ஸிடம் கேளுங்கள்

வணக்கம். அமெரிக்காவில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலின் மருத்துவப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ஓபியாய்டு, அதாவது ஹெராயின், ஃபெண்டனில் மாதிரி அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்கு ஜெயிலில் மருந்து கொடுக்கிறோம் என்று போன வாரம் ஒரு வரி எழுதினேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன். எந்த ஊர் ஜெயில் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்கா, அங்கே ஜெயில், பிரிசன் என்று இரண்டு சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை தம்பி. இந்த வித்தியாசம் புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது. பிரிசன் என்பது மாநில அரசோ மத்திய அரசோ நடத்துவது. தண்டனை உறுதியாகி வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கு. ஜெயில் உள்ளூருக்கானது. பெரும்பாலும் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃப் கையில் இருக்கும். அவர் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருகிறவர். நாடு முழுக்கச் சுமார் 3,000 ஜெயில்கள். உள்ளே இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்னும் தீர்ப்பே வராதவர்கள். ஜாமீன் கட்டப் பணமில்லாமல் இருப்பவர்களும் நிறைய. 2022-இல் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் அளவுக்கு உள்ளே இருந்தார்கள். ஆனால் அந்த ஒரே வருடத்தில் உள்ளே வந்து பதிவானது 73 லட்சம் தடவை. ஜெயில் என்பது பஸ் ஸ்டாண்டு மாதிரி, வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும். யார் எப்போது போவார் என்று எங்களுக்கே தெரியாது. இந்தச் சிகிச்சையில் இருக்கும் கஷ்டத்தில் பாதி இதனால் வருவதுதான்.

போதைக்கு அடிமையானவனுக்கு இன்னொரு போதை மருந்தையே கொடுப்பது என்ன நியாயம்? வரிப்பணத்தில் வேறு!

அண்ணா, கோபம் புரிகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

மூன்று மருந்துகள் இருக்கின்றன: மெத்தடோன், புப்ரெநார்ஃபின், நால்ட்ரெக்சோன். முதல் இரண்டும் ஓபியாய்டுகள்தான், மறைக்க எதுவும் இல்லை. ஆனால் ஹெராயினோ ஃபெண்டனிலோ சில நிமிடத்தில் உச்சிக்கு ஏற்றி, சில மணி நேரத்தில் கீழே தள்ளிவிடும். அந்தப் பள்ளத்துக்குப் பயந்துதான் ஆள் அடுத்ததைத் தேடி ஓடுகிறார். மெத்தடோன் மெதுவாக ஏறி, ஒரு நாளுக்கு மேல் சமமாக நிற்கும். புப்ரெநார்ஃபினுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஓரளவுக்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் அதன் வேலை ஏறாது, அதனால் மூச்சு நின்றுபோகும் ஆபத்து மிகக் குறைவு. சரியான அளவு கிடைத்தவர் மயங்கிக் கிடக்க மாட்டார். மூன்றாம் நாள் நன்றாகச் சாப்பிடுவார். ஐந்தாம் நாள் "என் பொண்ணுக்குப் போன் பண்ணணும்" என்பார். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

வரிப்பணம் பற்றி: ஓவர்டோஸில் (போதை அளவு மீறி) விழுந்தவருக்கு ஆம்புலன்ஸ், ஐ.சி.யூ. செலவும் அதே பணத்தில்தான் போகிறது.

இரண்டு மாதம் உள்ளே இருந்தால் போதை தானாகவே விட்டுப்போகுமே. ஜெயிலே ஒரு சிகிச்சைதானே?

உடம்பிலிருந்து போய்விடும். மூளையிலிருந்து போகாது. இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. விட்டிருந்த அந்த இரண்டு மாதத்தில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்தவுடன், முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவை எடுப்பார். மூச்சு நின்றுவிடும்.

வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸால் சாகும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு. ஃபெண்டனில் பரவுவதற்கு முந்தைய கணக்கு அது. பிரிசன் கணக்கும்கூட. ஜெயிலிலோ மூன்று வாரம் உள்ளே, இரண்டு மாதம் வெளியே என்று ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருவார். ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் அந்த இரண்டு வாரக் கண்டம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

போதை கிடைக்காமல் ஜெயிலில் முதல் ராத்திரி எப்படி இருக்கும் மேடம்? சினிமாவில் காட்டுவது மாதிரியா?

அவ்வளவு சத்தம் இருக்காது, நாற்றம் அதிகம். வாந்தி, பேதி, எலும்புக்குள் வலி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்செறிதல், தூக்கமே இல்லாமை. நாடித்துடிப்பு, கண்மணி அளவு, வியர்வை, நடுக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடும் ஒரு அளவுகோல் எங்களிடம் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்.

"இதனால் யாரும் சாக மாட்டார்கள்" என்று ஒரு பழைய பேச்சு உண்டு. அது தப்பு. நாள்கணக்கில் வாந்தியும் பேதியுமாக நீர்ச்சத்து வற்றி அமெரிக்க ஜெயில்களில் இறந்தவர்கள் இருக்கிறார்கள், வழக்குகளும் நடந்திருக்கின்றன. "நடிக்கிறான், விடுங்க" என்று ஒரு காவலர் சொல்வதைக் கேட்டு நகர்ந்துவிட்டால் போதும், விபரீதம் நடக்க.

மருந்து தொடங்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃபெண்டனில் உடம்பில் இருக்கும்போதே புப்ரெநார்ஃபினை அவசரப்பட்டுக் கொடுத்தால், அது ஃபெண்டனிலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆள் திடீரென்று பாதாளத்தில் விழுந்த மாதிரி துடிப்பார். ஃபெண்டனில் கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுவதால், எப்போது தொடங்குவது என்ற கணக்கு முன்னைவிடச் சிக்கலாகிவிட்டது. ஒரு தடவை அப்படிப் பட்டவர், அடுத்த கைதில் "அந்த மருந்தே வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

இவ்வளவு தெரிந்தும் எல்லா ஜெயிலிலும் ஏன் கொடுப்பதில்லை?

2024-இல் வெளியான ஒரு நாடளாவிய கணக்கெடுப்பில், ஆயிரத்துச் சொச்சம் ஜெயில்கள் பதில் சொல்லியிருந்தன. யாருக்காவது இந்த மருந்துகளில் ஒன்றையாவது கொடுக்கிறோம் என்றவை 44 சதவீதம். தேவைப்படும் எல்லோருக்கும் கொடுக்கிறோம் என்றவை 13 சதவீதத்துக்கும் குறைவு. கர்ப்பிணிக்கு மட்டும், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவருக்கு மட்டும் என்று கொடுக்கும் ஜெயில்கள்தான் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நிற்கின்றன.

காரணங்களில் பெரியது பணம். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட், 1965-இல் வந்த நாளிலிருந்தே, சிறைக்குள் இருப்பவருக்குப் பொதுவாகப் பணம் தராது. தீர்ப்பே வராதவருக்கும் அப்படித்தான். ஆக மொத்தச் செலவும் கவுண்டி தலையில். 2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவுக்கு ஒரு விலக்கு கிடைத்தது: விடுதலைக்கு முந்தைய 90 நாள் சில சேவைகளுக்கு மெடிக்கெய்ட் பணம் தரலாம். பிறகு வேறு பல மாநிலங்களும் வாங்கின. ஆனால் ஜெயிலில் விடுதலை நாளை யாருக்குத் தெரியும், 90 நாளை எங்கிருந்து எண்ணுவது? சட்டம் எழுதியவர்கள் பிரிசனை மனதில் வைத்து எழுதிவிட்டார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மெத்தடோனுக்கு இன்னொரு பூட்டு. உரிமம் பெற்ற சிகிச்சை மையம்தான் தரலாம். ஜெயிலே அந்த உரிமத்தை வாங்க வேண்டும், அல்லது வெளி மையத்திலிருந்து கொண்டுவர வேண்டும், அல்லது தினமும் கைதியை வேனில் ஏற்றிப் போக வேண்டும். நாலு காவலர் வேலை பார்க்கும் கிராமத்து ஜெயிலில் இது நடக்கிற காரியமா? புப்ரெநார்ஃபின் எழுத டாக்டருக்குத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி மட்டும் 2022 டிசம்பர் இறுதியில் ஒழிந்தது. அதுவரை அது ஒரு நல்ல சாக்காக இருந்தது. இப்போது அந்தச் சாக்கு இல்லை.

கைதிகள் மருந்தை வாயில் ஒளித்து விற்பார்கள் என்கிறார்களே?

விற்பார்கள். இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் மருந்து வரிசை இப்படி: முதலில் தண்ணீர் குடித்து வாயை ஈரமாக்க வேண்டும். மருந்தை நாக்குக்கு அடியில் வைப்போம். கையை மடியில் தெரியும்படி வைத்து உட்கார வேண்டும், பேசக்கூடாது. பத்து, பதினைந்து நிமிடத்தில் கரையும். பிறகு நாக்கைத் தூக்கு, கன்னத்தை இழு என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். அதையும் மீறி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு போகிற மகானுபாவர்கள் உண்டு.

ஆனால் வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். சிகிச்சை கிடைக்காமல் துடிக்கும் இன்னொரு கைதிதான் பெரும்பாலும். எல்லோருக்கும் கொடுத்தால் அந்தச் சந்தை சுருங்கும். மாதம் ஒரு தடவை போடும் புப்ரெநார்ஃபின் ஊசியும் 2017-இலிருந்து இருக்கிறது. ஒளிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. ஆள் திடீரென்று விடுதலையானாலும் சில வாரம் மருந்து உடம்பிலேயே இருக்கும். ஜெயிலுக்கென்றே செய்தது போல இருக்கிறது. விலைதான் இடிக்கிறது: ஒரு ஊசி ஆயிரம் டாலரைத் தாண்டும்.

நால்ட்ரெக்சோன் போதையே தராதாமே, அதை மட்டும் கொடுத்தால் போதாதா?

ஷெரிஃபுகளுக்குப் பிடித்த மருந்து அதுதான். ஓபியாய்டு இல்லை, மாத ஊசியாகவும் வருகிறது. ஆனால் தொடங்குவதற்கு முன் ஏழு முதல் பத்து நாள் ஓபியாய்டு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்த நரகத்தைத் தாண்டினால்தான் இந்த மருந்து. அதோடு, மரணத்தைக் குறைப்பதில் மெத்தடோனுக்கும் புப்ரெநார்ஃபினுக்கும் இருக்கும் அளவுக்கு இதற்கு வலுவான சான்று இல்லை. சிலருக்கு நன்றாகப் பொருந்தும், வேண்டுமென்று கேட்பவருக்குக் கொடுக்கலாம். இது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு "எங்களிடம் சிகிச்சை உண்டு" என்று பெயர்ப்பலகை மாட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

உண்மையிலேயே பலன் கிடைத்த இடம் ஏதாவது உண்டா?

ரோட் ஐலண்டு. சின்ன மாநிலம், ஜெயிலும் பிரிசனும் ஒரே துறையின் கீழ். 2016-இன் நடுவில் மூன்று மருந்துகளையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். வெளியே போனதும் தொடர மாநிலம் முழுக்க மையங்களையும் இணைத்தார்கள். 2016-இன் முதல் ஆறு மாதத்தில் ஓவர்டோஸில் இறந்தவர்களில் 26 பேர் சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள். அடுத்த வருடம் அதே ஆறு மாதத்தில் 9 பேர். சின்ன எண்கள்தான், ஒரு மாநிலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் வேலை பார்ப்பது அந்தச் சின்ன எண்களுக்குள்தானே.

மாசசூசெட்ஸில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டிகள் இரண்டு, ஃபிராங்க்ளின், ஹாம்ப்ஷயர். ஃபிராங்க்ளின் ஜெயில் 2016-இல் புப்ரெநார்ஃபின் தொடங்கியது, ஹாம்ப்ஷயர் 2019 வரை தொடங்கவில்லை. வெளியே வந்தபின் மறுபடி வழக்கில் சிக்கியவர்கள் முதலாவதில் 48 சதவீதம், இரண்டாவதில் 63. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவிலோ 1987-இலிருந்தே மெத்தடோன் கொடுக்கிறார்கள். இது புதுப் பரிசோதனை என்று யாராவது சொன்னால் அந்த வருடத்தைச் சொல்லுங்கள்.

கோர்ட் உத்தரவு போட்டால் ஷெரிஃப் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

ஆமாம், அப்படித்தான் பல இடங்களில் கதவு திறந்தது. 2018-இல் மாசசூசெட்ஸின் எசெக்ஸ் கவுண்டியில், சிறைக்குப் போகவேண்டியிருந்த ஒருவருக்கு மெத்தடோனைத் தொடரவேண்டும் என்று மத்திய நீதிமன்றம் சொன்னது. 2019-இல் மெய்ன் மாநிலத்தின் அரூஸ்டுக் கவுண்டியில், 40 நாள் தண்டனை பெற்ற ஒரு பெண்ணுக்குப் புப்ரெநார்ஃபின். மேல்முறையீட்டிலும் அந்த உத்தரவு நின்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் இரண்டிலும் ஆயுதம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைச் சிறையில் நுழைந்த காரணத்துக்காக நிறுத்துவது அந்தச் சட்டத்தை மீறுவது என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் நீதி இலாகாவும் விளக்கம் வெளியிட்டது. கவனியுங்கள், இந்த வழக்குகள் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களுடையவை. சிகிச்சையே பார்க்காமல் நேராகத் தெருவிலிருந்து வருகிறவர்தான் எங்கள் வாசலில் அதிகம்.

ஓபியாய்டு வலி மாத்திரைகளைப் பரப்பியதற்காகப் போட்ட வழக்குகளில் மாத்திரை கம்பெனிகள் கொடுத்த நஷ்ட ஈட்டுப் பணம் எங்கே போகிறது?

மொத்தம் 50 பில்லியன் டாலருக்கு மேல், பல வருடத் தவணையில். பெரிய விநியோக நிறுவனங்களோடு போட்ட தேசிய ஒப்பந்தத்தின் முக்கியப் பட்டியலில் சிறைக்குள் சிகிச்சையும் இருக்கிறது. செலவழிக்க வழி இருக்கிறது. உங்கள் கவுண்டி கூட்டத்தில் போய் "ஜெயிலுக்கு எவ்வளவு?" என்று கேட்க ஆள்தான் வேண்டும்.

நம் நாட்டில் உண்டா?

உண்டு. டெல்லி திஹார் சிறையில் 2008-இல் புப்ரெநார்ஃபின் கொடுக்கத் தொடங்கினார்கள். பஞ்சாபும் சிறைகளுக்குள் கொடுக்கிறது. இதற்கு மேல் அங்கே வேலை பார்த்தவர்தான் பேசவேண்டும்.

உங்களால் மறக்க முடியாத ஒன்று?

ஊர், பெயர் எதுவும் இல்லாமல் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு ஜெயிலில், வெள்ளிக்கிழமை காலை ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். மூன்று வாரமாக மருந்து எடுத்து நன்றாக இருந்தவர். நீதிபதி அங்கேயே விடுதலை செய்துவிட்டார். அவர் பெயர் எழுதிய, ஓவர்டோஸிலிருந்து உயிரை மீட்கும் நலாக்சோன் ஸ்ப்ரேயும் மருந்துச் சீட்டும் எங்கள் மேசையிலேயே இருந்தன. சனி, ஞாயிறு வெளியே கிளினிக் கிடையாது. திங்கட்கிழமை செய்தி வந்தது. இப்போது நான் இருக்கும் இடத்தில், கோர்ட்டுக்குக் கிளம்பும் ஒவ்வொருவர் பையிலும் காலையிலேயே இரண்டையும் போட்டுவிடுகிறோம். திரும்பி வந்தால் வாங்கி வைத்துக்கொள்வோம்.

என் அக்கா மகன் ஒஹையோவில் இருக்கிறான், புப்ரெநார்ஃபின் எடுக்கிறான். தப்பித்தவறி கைதானால் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

உடனே அந்த ஜெயிலின் போன் எண்ணைப் பிடித்து, மருத்துவப் பிரிவை இணைக்கச் சொல்லுங்கள். அவர்கள் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள், ரகசியக் காப்பு விதி. ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடையில்லை. மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த நாள், மருந்துக்கடையின் பெயரும் எண்ணும், எழுதிக் கொடுத்த டாக்டரின் எண், இவ்வளவும் ஒரு தாளில் இப்போதே எழுதி வையுங்கள். மருந்துக்கடை மூலம் உறுதி செய்ய முடிந்தால் அன்றைக்கே தொடர வாய்ப்பு அதிகம். அவனையும் உள்ளே எடுக்கும்போது கேட்கும் கேள்விகளில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்; வெட்கப்பட்டு "ஒன்றும் எடுப்பதில்லை" என்று சொன்னால் எங்களுக்கு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியும். யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் மருந்து கிடைக்கவில்லை என்றால் வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. மீதிக் கேள்விகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.