ஆறாவதில் எங்கே சேர்ப்பது என்பதுதான் கேள்வி

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் கிராமம். மகள் தனியார் நர்சரிப் பள்ளியில் ஐந்தாவது முடிக்கிறாள். பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் வருஷா வருஷம் பிள்ளைகள் குறைகிறார்கள், பத்தாவது தேர்ச்சியும் சுமார்தான். பத்தாவது வரை தனியாரில் படிக்க வைத்து, பிளஸ் ஒன்னில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் என்று தெரிந்தவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: கிடைக்காதும்மா. 2020-ல் வந்த சட்டம் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. பிளஸ் ஒன்னில் மாறினால் பிரயோஜனமில்லை. அந்தத் தெரிந்தவருக்கு எந்தத் தனியார் பள்ளியிலாவது ஆள் பிடித்துக் கொடுக்கிற வேலை உண்டா என்று முதலில் விசாரியுங்கள். சீட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் ஊருக்கு நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் இவர்கள் திரித்துச் சொல்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில், அதாவது ஆர்.டி.இ. சீட்டில், எட்டாவது வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் ஒதுக்கீடு உண்டு. உங்கள் மகள் ஃபீஸ் கட்டிப் படிக்கிறாள் என்றால் இது உங்களுக்கு இல்லை. ஆர்.டி.இ. பிள்ளையாகவே இருந்தாலும் பத்தாவது முடித்து மாறினால் போச்சு, ஒன்பதாவதிலேயே மாறியிருக்க வேண்டும்.

இன்னொரு குழி: அரசு உதவிபெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. உதவிபெறும் பள்ளிக்கு 7.5 கிடையாது. உங்கள் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அரசுப் பள்ளிகள்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

தேர்ச்சி விழுக்காட்டுக்கு வருவோம். ஃபிளெக்ஸில் 100 சதவீதம் என்று போட்டிருந்தால், எத்தனை பேர் எழுதினார்கள், ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். படிக்காத பிள்ளையை ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் நூறு வராமல் என்ன செய்யும்? அந்தப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு எண்பத்தைந்து காட்டுகிற அரசுப் பள்ளி எனக்குப் பெரிசு.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்லவில்லை. நேரில் போய்க் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் வாத்தியார் இருக்கிறாரா என்று பாருங்கள், பிள்ளைகள் எண்ணிக்கையைவிட அதுதான் முக்கியம். மாறுதல் கலந்தாய்வில் ஆள் போய்விடுவார், அந்த இடத்துக்குத் தற்காலிகமாக ஒருவர் வருவதற்குள் காலாண்டுப் பரீட்சை வந்துவிடும். இருக்கிற வாத்தியாரையாவது பாடம் நடத்த விடுகிறார்களா, எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் ஏற்று, இதை ஏற்று, அதை ஏற்று என்று போனும் கையுமாக உட்கார வைத்திருக்கிறார்கள். பிறகு பிள்ளைகள் குறைகிறது என்று கூட்டம் போடுவார்கள்! காலியிடம் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் போய்க் கேளுங்கள், அதில் பெரும்பாலோர் பெற்றோர்தான்.

பழைய பள்ளி ஃபீஸ் பாக்கி என்று டி.சி.யைப் பிடித்துவைத்தால் புரோக்கரிடம் ஓடாதீர்கள். எட்டாவது வரை, டி.சி. தாமதம் என்று சொல்லிச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. எமிஸ் நம்பரை மட்டும் பழைய பள்ளி காமன் பூலுக்கு, அதாவது புதுப் பள்ளி எடுத்துக்கொள்கிற பொதுப் பட்டியலுக்கு விட வேண்டும், மறுத்தால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜ் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும். அந்தத் தெரிந்தவர் இதையெல்லாம் சொன்னாரா?